வாய் காட்டியவர்கள்

தங்கச்சி மகள் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை என் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, மொதல்ல பேராதனையப் போடவா, ஜபுரவப் போடவா?"

இப்படியொரு கேள்வியைக் கேட்க முடிகிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் உயர்தரப் பரீட்சை எழுதியது 1994இல். அன்றைக்கு இலங்கையில் பல் மருத்துவம் என்றால் பேராதனை ஒன்றுதான். கைநூலில் ஒரே வரி. ஜபுர என்று சொல்லும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பல் மருத்துவ பீடம் வந்தது அண்மையில்தான். அதுவரை 70 ஆண்டுகளுக்கு மேலாக, பல்லைப் படிக்க விரும்பிய எவருக்கும் இந்தத் தீவில் ஒரே வாசல்.

'விரும்பிய' என்று எழுதிவிட்டேன். உண்மையில் பல்லை விரும்பிப் போகிறவர் குறைவு. மருத்துவத்துக்குச் சில புள்ளி போதாவிட்டால் பல். அதற்கும் போதாவிட்டால் மிருக வைத்தியம், விவசாயம் என்று படி இறங்கும். என் காலத்தில் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நாலு பாடம், மொத்தம் 400 புள்ளி. 2001இலிருந்து இசட் புள்ளி. கணக்குத்தான் மாறியது, வரிசை மாறவில்லை. பேராதனையிலிருந்து கடிதம் வந்த அன்று அப்பா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பல்லுக்கு மட்டுந்தான் டாக்டரா?" என்றார். லயத்தில் அன்று மனசாரச் சந்தோஷப்பட்டது அப்பாயி மட்டும். அப்பாயிக்கு அப்போது வாயில் மிச்சமிருந்தது மூன்று பல்.

அப்பாயி கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்ன வயதிலேயே தொழிலாளியாகப் பேர் பதிந்தவர். விடிய முந்தி அடுப்புக் கரியைத் தொட்டு விரலால் பல்லைத் தேய்த்துக் கொப்பளித்துவிட்டுத்தான் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போவார். இடுப்பில் வெற்றிலைப் பை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. பனி இறங்கும் மலையில் குளிருக்கு அதுதான், பத்து மணிப் பசிக்கும் அதுதான். அட்டை ஏறினால் அதே சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் உதிர்ந்துவிடும். பல் வலித்தால் கிராம்பு. கிராம்புக்கும் அடங்காவிட்டால் டிஸ்பென்சரி. தோட்டத்து டாக்டர் ஐயா இரண்டு வெள்ளை மாத்திரை கொடுப்பார். ஆடுகிற பல்லுக்கு நூல் போதும், டாக்டர் எதற்கு என்பது லயத்துச் சட்டம். கொஞ்சம் காசு புழங்கியவர்கள் டவுனுக்கு இறங்குவார்கள். இலங்கையின் சிறு நகரங்களில் அந்தக் காலத்தில் பல் கட்டியவர்களில் பலர் சீனக் குடும்பத்தவர்கள். அப்பன் தொழிலை மகன் பார்த்துப் படித்த கைவேலை அது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தோட்டத்துக்கு மருத்துவம் வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போடத் தொடங்கியது 1872இல், கோப்பிக் காலத்தில். 1912இல் அதைத் திருத்தி விரித்தார்கள். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவைத் தேடி வந்தபோது தோட்டங்களில்தான் முதலில் இறங்கினார்கள். ஒரே இடத்தில் ஆயிரம் பேர் வரிசையாக நிற்பார்கள், பேர் செக்ரோல் பதிவேட்டில் இருக்கும், துரை சொன்னால் வருவார்கள். எண்ணிப் பார்க்க இதைவிட வசதியான ஜனம் எங்கே கிடைக்கும்? அப்போது பார்த்தது வயிறு. வாயைப் பார்க்க ஆள் வர நாளாயிற்று.

இதற்கிடையில் பல் படிப்பு நாட்டுக்குள் வந்துவிட்டது. 1943இல் கொழும்பு மருத்துவ பீடத்துக்குள் ஒரு கிளையாகத் தொடங்கி, 1954இல் பேராதனைக்கு மலையேறியது. அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்று 1920களிலிருந்து கொழும்பா, கண்டியா என்று பெரிய வழக்காடலே நடந்திருக்கிறது. கடைசியில் பிடித்த நிலம் நியூ பெரதெனிய எஸ்டேட். நான் முதல் தடவை கம்பளை பஸ்ஸில் வந்திறங்கி, மகாவலியையும் மரங்களையும் பார்த்து மலைத்து நின்றபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் பயம் தெளிந்திருக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத்தானே வந்திருந்தேன். 1986இல் பல் மருத்துவம் தனிப் பீடமானது. 1998இல் ஜப்பான் கட்டிக்கொடுத்த புதிய போதனா வைத்தியசாலை திறந்தது. எங்கள் அணி பழைய கட்டடத்தில் பாதி, புதியதில் பாதி.

அந்த நாட்களில் ஒருநாள், ஈறு நோய் விரிவுரை. எல்லாம் ஆங்கிலம்; பாதி புரியும், மீதியை இரவு அகராதி வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். விரிவுரையாளர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். மூன்று கோடுகள். ஒன்று செங்குத்தாக இறங்குகிறது, ஒன்று சாய்ந்து இறங்குகிறது, ஒன்று கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. மேலே தலைப்பில் 'ஸ்ரீலங்கன் டீ லேபரர்ஸ்'. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

உலகத்தில் பல் மருத்துவம் படிக்கும் எவரும் அந்த வரைபடத்தைத் தாண்டாமல் பட்டம் வாங்குவது அரிது. அதை வரைந்தவர் நோர்வேக்காரரான ஹரால்ட் லோ. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தவர். சில வாரங்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் தணிந்தது. ஈறு நோய்க்கு மூலம் பல்லில் படியும் அழுக்கு என்பது அதோடு நிலைநாட்டப்பட்டது. ஆனால் துலக்காமலே 20, 30 வருஷம் விட்டால் என்ன ஆகும்? மாணவனை அத்தனை காலம் நிறுத்தி வைக்க முடியாது. அப்படியே இருக்கிற ஜனம் வேண்டும். 1969இல் ஒஸ்லோவில் 565 ஆண்களையும், 1970இல் இலங்கையில் 480 ஆண்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒஸ்லோப் பிள்ளைகளுக்கு 1936 முதலே நகரசபை வருஷா வருஷம் பல் பார்த்து வந்தது. இலங்கையில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ என்ற இரண்டு தோட்டங்களின் தொழிலாளர்கள். டன்சினன் என்பது ஸ்கொட்லாந்தில் ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும். ஊர் ஞாபகத்தில் ஏதோவொரு துரை வைத்த பேர், எங்கள் வாயில் 'டன்சினன்' என்று படிந்துவிட்டது.

ஆய்வு எப்படி நடந்தது என்பதை என் கையால் செய்து காட்டினால்தான் விளங்கும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று எங்களிடம் உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்க வேண்டும். நல்ல ஈறு ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் கம்பியைத் தடுத்துவிடும். நோய்ப்பட்ட ஈறு விடும்; நாலு, ஐந்து, ஏழு என்று கம்பி உள்ளே போகும். எவ்வளவு பிடி விட்டுப்போயிற்று என்பதை அதிலிருந்து கணக்கிடுவோம். பல்லின் வேர் நீளம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 480 பேரில் 8 சதவீதத்தினருக்கு 35 வயதில் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடி போயிருந்தது. 45 வயதில் 13. அதாவது பிடிக்க ஒன்றுமில்லை. 40 வயதில் 20 பல் உதிர்ந்து, 45இல் வாய் காலி. 81 சதவீதத்தினர் நடுத்தரம். 45 வயதில் ஏழு பல் போயிருந்தது. மிச்சம் 11 சதவீதத்தினருக்கு, அதே வெற்றிலை, அதே கறை, அதே ஈறு வீக்கம் இருந்தும் நோய் ஈறைத் தாண்டி இறங்கவேயில்லை. பல் சொத்தை என்பது அந்த ஜனத்தில் கிட்டத்தட்டக் கிடையாது. விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்தது.

அழுக்கு மட்டுமே காரணமில்லை, ஆளுக்கு ஆள் உடம்பு தாங்கும் விதம் வேறு என்ற பெரிய பாடம் இங்கிருந்துதான் உலகத்துக்குப் போனது. யாருக்கு எவ்வளவு சிகிச்சை என்று இன்று பிரித்துப் பார்க்கிறோமே, அதற்கு அடியில் பூண்டுலோயா இருக்கிறது. லோ பின்னர் 1983இல் அமெரிக்காவின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே இயக்குநரானார். அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு 'மனிதனில் ஈறு நோயின் இயற்கை வரலாறு' என்று போகும். இயற்கை வரலாறு என்றால் யாரும் கை வைக்காமல் நோய் தன் பாட்டில் போகிற போக்கு. அந்தக் கை வைக்காத நிலையை ஆய்வாளர்கள் உண்டாக்கவில்லை. இருந்ததை அளந்தார்கள். நூறு வருஷமாகத் தேயிலை ஏற்றுமதியான மலையில், 1970இலும் அப்படி அளக்கத் தோதான ஜனம் தயாராக இருந்ததுதான் என்னை உறுத்துவது. அதில் இயற்கை ஒன்றுமில்லை.

'வழமையான வாய்ச் சுத்தம் எதுவும் செய்யாதவர்கள்' என்று கட்டுரை சொல்கிறது. அப்பாயியின் கரி விரல் வழமைக்குள் வராது போலும்.

பரிசோதனை நடந்த ஆண்டுகள் 1970, 1971, 1973, 1977, 1982, 1985. பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும்போதுதான் அவை எங்கள் வீட்டு நாட்காட்டி என்று பட்டது. 1973க்கும் அடுத்ததற்கும் நடுவில், மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த பஞ்ச காலம். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1977 ஆகஸ்டில் கலவரம். 1983 ஜூலையில் இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் ஊடாக, 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னார்க் கோச்சியில் ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. 1948ஆம் ஆண்டின் சட்டம் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தது. ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்திருந்தது. முதல் வரிசையில் வாய் காட்டிய 480 பேரில் 1985இல் எஞ்சியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 40 ஆண்டு கழித்து 2010இல் மறுபடி தேடிப் போனபோது 75 பேர் அகப்பட்டார்கள்.

எங்கள் ஆட்கள் இந்தப் படிப்புக்குள் மாணவராக நுழைய முந்தியே வாயாக நுழைந்துவிட்டார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மாணவராக நுழைய ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் தங்கச்சி மகளுக்குச் சொன்னேன். தோட்டப் பள்ளிக்கூடம் தோட்டத்தின் சொத்தாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு முடியும். அரசாங்கம் 1970களில்தான் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1970களிலேயே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது இடி. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம் என்பதால் எங்களுக்கு வாசல் திறந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் வாசல் வரைக்கும் நடந்து வர ஒரு உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டுமே. தோட்டப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஹட்டன் ஹைலன்ஸ் போல விரல் விட்டு எண்ணும் பள்ளிகள்தான். 1980களின் நடுவில் சுவீடன் உதவியில் தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடம் வந்தது. ஜெர்மனி உதவியில் பத்தனையில் ஆசிரியர் கல்லூரி எழுந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது. எனக்குப் பேராதனையில் கைச்செலவுக்கு உதவியது, 1947இல் தொடங்கி இந்தியத் தூதரகம் நடத்தி வரும் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில். டவுனில் கடை வைத்திருந்தவர்கள் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுத் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்து இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையை எழுத வேண்டும். எங்கள் லயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்றைய கணக்கு: 40 சதவீதம் நாடு முழுவதுக்கும் தகுதி வரிசை, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு ஜனத்தொகைப்படி, 5 சதவீதம் 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்த 16இல் ஒன்று. அதற்காகவே வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதும் கதையும் பழசு. ஆகவே 'எந்தப் பல்கலைக்கழகம்' என்ற கேள்வி வருவதற்குள் எங்கள் பிள்ளை தாண்டிவர வேண்டிய கேள்விகள் பத்து இருக்கின்றன. பத்தையும் தாண்டித்தான் இவள் என் மேசைக்கு வந்திருக்கிறாள்.

கதையை எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"480ம் ஆம்பிளைங்களா?"

ஆமாம், அத்தனையும் ஆண்கள். கொழுந்து எடுக்கிறது பெண்கள். அந்தர் அந்தராக ஸ்டோருக்குப் போகும் கொழுந்தில் பெரும் பங்கு அவர்கள் விரலால் வந்தது. வெற்றிலையும் அவர்கள் மடியில்தான். பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலையேறும் பெண்ணுக்கு ஈறு எப்படித் தாங்கியது என்று அந்த வரைபடத்தில் கோடு இல்லை. இருபது வருஷமாக அரசாங்க வைத்தியசாலைகளில் நான் பார்ப்பது அந்த வாய்களைத்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். "ஆ காட்டுங்க" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் எனக்கு வயிறு கலங்கும். பாக்குப் போட்ட வெற்றிலை, புகையிலை இல்லாவிட்டாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் அச்சிட்டே சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுதான். இந்தப் பெண்களோ வலி வந்த பிறகுதான் வருவார்கள். வேலை நாளில் டவுனுக்கு வர முடியாது.

"பேராதனையே போடுறேன்," என்றாள். பெரிய காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஹட்டனிலிருந்து ஒரே பஸ், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டினால் பேராதனை. கொழும்புப் பக்கம் போனால் அறை வாடகைக்கே அவள் அம்மா சம்பளம் போய்விடும். இது போதுமான காரணம். ஜபுர இரண்டாவது.

என் அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அம்மாவும் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். 1970இல் அவருக்கு 20 வயது. அந்த ஆய்வின் வயதுக் கணக்குக்கு அச்சொட்டாகப் பொருந்தியிருப்பார். தங்கச்சி மகள் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் குந்தினாள்.

"அம்மாயி, ஆ காட்டுங்க."

அம்மா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போடி, இனி என்னா இருக்கு பாக்க."

"காட்டுங்கன்னா."

அவள் மெதுவாகத்தான் எண்ணினாள். மேலே வலது பக்கத்திலிருந்து தொடங்கினாள். அந்த வரிசையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆடுகிற ஒன்றைச் சேர்ப்பதா விடுவதா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேர் உள்ளே இருந்தால் சேர்த்துக்கொள் என்றேன்.

"பதினாலு."

மேசைக்கு வந்து, கைநூலில் பேராதனை இருந்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் '14' என்று எழுதினாள். பக்கத்தில் அம்மாயியின் பேரையும் எழுதினாள்.